ஓட்டு வீட்டுக்கு முதல் முறை இழப்பீடு கேட்டவர்களின் அனுபவங்கள்

பள்ளத்தூர்க்காரர்:

காருக்குத் தவறாமல் காப்பீடு கட்டுகிறோம். தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும் செட்டிநாட்டுப் பூர்வீக வீட்டுக்கு யாரும் கட்டுவதில்லை. இத்தனை காலம் நின்றதை இனி என்ன செய்துவிடும் என்ற தெம்புதான் காரணம். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ஆனாலும் காப்பீட்டு முகவராக இருக்கும் மைத்துனரின் நச்சரிப்புக்காக அப்பச்சி (என் அப்பா) ஒரு பாலிசி எடுத்து வைத்திருந்தார். சித்திரையில் கோடை மழையோடு வந்த சூறைக்காற்று, பக்கத்து மனை வேப்பமரத்தை எங்கள் இரண்டாம் கட்டின் மேல் சாய்த்தது. கூரை மோட்டிலிருந்து தாழ்வாரம் வரை நாட்டு ஓடு நொறுங்கியது. ஓட்டைத் தாங்கும் கைமரங்கள் முறிந்தன. பர்மா தேக்குத் தூண் ஒன்றுகூட அசையவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அப்பச்சி கோபித்துக்கொள்வார்.

கம்பெனியின் இலவச எண்ணில் தகவல் சொல்லிப் பதிவு எண் வாங்கினோம். மரம் அறுக்கும் ஆட்கள் வந்து நின்றார்கள். அறுப்பதற்கு முன், மரம் கூரை மேல் கிடக்கிற நிலையிலேயே நாலா பக்கமும் படம் எடுத்தோம். பிறகு அறுத்து இறக்கி, தார்ப்பாய் போட்டு, அந்த ரசீதையும் பத்திரப்படுத்தினோம். சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) வரும்வரை எதையும் தொடக்கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை அப்படியே நம்ப வேண்டாம். சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரரின் பொறுப்பு.

சர்வேயர் மதுரையிலிருந்து வந்தார். நல்ல மனிதர், கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை என்பதுதான் ஆத்தாளுக்குக் குறை. நேராகப் போய் முறிந்த கைமரத் துண்டொன்றை எடுத்து, முறிவில் சாவி முனையால் குத்தினார். மாவாக உதிர்ந்தது. "இது காற்றின் வேலை இல்லை, கரையானின் வேலை" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கரையான், நாள்பட்ட கசிவு, வயதால் வந்த தேய்வு ஆகியவற்றுக்குக் காப்பீட்டில் இடமில்லை. அடுத்த துண்டையும் குத்திப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். சாவி இறங்கவில்லை. அதற்கடுத்ததிலும் இறங்கவில்லை. முறிந்தவற்றில் அந்த ஒன்றுதான் அரித்துப் போயிருந்தது.

இருந்தாலும் சந்தேகம் விழுந்துவிட்டது. பழைய வீட்டுக்கு இழப்பீடு கேட்பவர்கள் எல்லாருக்கும் இங்கேதான் வழக்கே. விழுந்தது காற்றாலா, வயதாலா என்பதற்கான சாட்சி காற்று அடிப்பதற்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும். எங்களைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, ஓடு பிரித்து மேய்ந்த கூலியை அப்பச்சி தேதி போட்டு எழுதி வைத்திருந்த கணக்கு நோட்டு. மற்றொன்று, படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) வந்த பங்காளிகள் வளவில் (உள்முற்றத்தில்) நின்று எடுத்துக்கொண்ட படம். முன்னால் இருப்பவர்களில் பாதிப் பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். பின்னால் கூரை பழுதில்லாமல் தெரிகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய சான்றையும், காற்றைப் பற்றி நாளிதழில் வந்த செய்தித் துண்டையும் சேர்த்துக் கொடுத்தோம்.

அடுத்த தகராறு தொகையில் வந்தது. நாட்டு ஓட்டுக்குப் பதில் தகரம் போட்டால் என்ன ஆகும் என்று முதலில் கணக்குப் போட்டிருந்தார்கள். எங்களுடையது பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தந்தாக வேண்டிய பொது வீட்டுப் பாலிசி அது. இருந்ததை இருந்தபடி திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் அதில் கணக்கு. பழசு என்று கழிக்க முடியாது. வீட்டின் முழு மதிப்புக்குக் காப்பீடு எடுக்கவில்லை என்று விகிதம் போட்டுக் குறைக்கவும் கூடாது. காப்பீட்டுத் தொகைதான் மேல் வரம்பு. இதைச் சொன்னதும் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் எங்கள் கொத்தனார் 'கூரை வேலை, மொத்தம்' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்த சீட்டை ஏற்கவில்லை. காரைக்குடிப் பொறியாளர் ஒருவர் ஓடு, ரீப்பர், கைமரம், காரை, ஆள்கூலி என்று பிரித்து எழுதித் தந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. பொறியாளர் கட்டணத்தை இழப்பீட்டில் 5 சதவீதம் வரையும், இடிபாடு அள்ளும் செலவை 2 சதவீதம் வரையும் சேர்த்துக் கேட்கலாம். நாம் கேட்காவிட்டால் அவர்களாக எடுத்துத் தருவதில்லை.

கடைசியாகப் பங்காளிகள். பட்டா ஐயா (தாத்தா) பெயரில், பாலிசி அப்பச்சி பெயரில், வீடோ பிரிக்காத சொத்து. ஆட்சேபணை இல்லை என்று எல்லாப் புள்ளியிடமும் (பங்குள்ள குடும்பத்திடமும்) கையெழுத்துக் கேட்டார்கள். ஒருவர் ஈப்போவில், ஒருவர் டெக்சாஸில். ஓடு மாற்றப் பணம் கேட்டால் போனையே எடுக்காத ஓர் அண்ணனுக்கு, பணம் வரப்போகிறது என்றதும் பூர்வீகப் பாசம் பொங்கியது. பணம் கூரைக்குத்தான் போகும் என்று எழுதிக் கொடுத்தோம். அதன் பிறகுதான் கையெழுத்து வந்தது.

தேவகோட்டை ஆசிரியை:

எங்கள் வீட்டில் இடி விழுந்தது. மீட்டர் பலகையில் பொறி கிளம்பி, முகப்பு மச்சின் மரவேலை கருகிப் போனது. பிரிட்ஜும் இன்வெர்ட்டரும் போயின. பிரிட்ஜுக்கு ஒரு பைசா கிடையாது என்றார்கள். மின்னலே காரணமாக இருந்தாலும், மின் அழுத்தத்தால் கெட்டுப்போன கருவிக்கு இழப்பீடு இல்லை என்று பாலிசியில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த விலக்கு கெட்ட கருவிக்கு மட்டும்தான். அதிலிருந்து பரவிய தீ எரித்த மற்றவற்றுக்குப் பொருந்தாது. மச்சுக்கு இழப்பீடு கிடைத்தது. தீயணைப்பு நிலைய அறிக்கையை உடனே கேட்டு வாங்கியது நல்லதாகப் போயிற்று. பிரிட்ஜுக்காக வாதாடி நேரத்தை வீணாக்காமல் மச்சுக்காக வாதாடுங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி:

கட்டடத்தைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறீர்கள். சாமான் அறையைச் சொல்ல ஆள் இல்லை. கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே காப்பீடு உண்டு. ஆனால் வெள்ளிச் சாமான், நகை, ஓவியம், பழம்பொருள் எல்லாம் அதில் சேராது. அவற்றுக்கு விலை பேசி, பட்டியல் கொடுத்து, தனியாகக் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் மழைத் தண்ணீர் புகுந்தபோது கட்டில், பீரோ, மெத்தைக்குக் கிடைத்தது. தஞ்சாவூர்ப் படத்துக்குக் கிடைக்கவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் விற்பவர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து விலை எழுதித் தந்தார். அவரைவிட விலை தெரிந்தவர் யார்? கம்பெனி அந்தச் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோட்டையூர்க்காரர்:

எனக்கு முதலில் முழுக்கக் கைவிரித்துவிட்டார்கள். ஐப்பசி அடைமழையில் கொல்லைப் பக்கத்துச் சுவர் சரிந்தது. 'நாள்பட்ட நீர்க்கசிவு' என்று இரண்டு வரிக் கடிதம் அனுப்பினார்கள். காரணத்தை விளக்கவில்லை, சர்வேயர் அறிக்கையின் நகலும் தரவில்லை. எழுதிக் கேட்டு நகல் வாங்கினேன். அதில் சர்வேயரே 'வெள்ளம் தேங்கியிருந்த அடையாளம் உண்டு' என்று குறித்திருந்தார்! வட்டாட்சியர் அலுவலகத்தில் மழை அளவு வாங்கி இணைத்து, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லாததால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம்) போனேன். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். விசாரணை நாள் குறிப்பதற்குள்ளேயே கம்பெனி இறங்கி வந்து, சுவருக்கு உரிய தொகையைத் தர ஒப்புக்கொண்டது. தளத்தில் பெயர்ந்த ஆத்தங்குடிக் கல்லுக்கு (பூப்போட்ட டைல்ஸுக்கு) மட்டும் மறுத்துவிட்டார்கள். அதை நான் விட்டுவிட்டேன்.

காரைக்குடிப் பொறியாளர்:

ஆத்தங்குடிக் கல்லை விட்டிருக்க வேண்டாம், அண்ணே. அது கண்ணாடித் தட்டின் மேல் சாயம் ஊற்றி, கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது, சூளையில் சுடுவதில்லை. கடையில் விற்கும் டைல்ஸ் விலையை வைத்து அதை மதிப்பிட்டால் பாதிகூட வராது. ஆத்தங்குடியிலேயே பட்டறைக்காரரிடம் அளவும் விலையும் எழுதிய கொட்டேஷன் வாங்கி இணைத்தால், பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். சுண்ணாம்புக் காரையும் அப்படித்தான். கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசும் வேலைக்கு ஆள்கூலி தனி. 'பூச்சு, சதுர அடி இவ்வளவு' என்று எழுதினால் சிமெண்டுப் பூச்சு விலைதான் போடுவார்கள். எத்தனை பூச்சு, எந்தச் சுண்ணாம்பு என்பதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

புதிய உறுப்பினர்:

வீட்டைப் படப்பிடிப்புக்கு விடுகிறோம். முன் கட்டில் வெளிநாட்டுப் பயணிகளும் தங்குகிறார்கள். இதே பாலிசி போதுமா?

பள்ளத்தூர்க்காரர்:

போதாது. இது குடியிருக்கும் வீட்டுக்கான பாலிசி. காசு வாங்கிப் பயணிகளைத் தங்க வைப்பதும் படப்பிடிப்புக்கு விடுவதும் வியாபாரம். அதை மறைத்து இதை எடுத்தால், மரம் விழுகிற அன்று அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். கடைகளுக்கும் சிறு தொழிலுக்கும் உரிய பாலிசியைக் கேளுங்கள். என்ன நடக்கிறது என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். படப்பிடிப்புக் குழுவிடமும் சேதப் பொறுப்புக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். தூணில் ஆணி அடித்துவிட்டுப் போனால் எந்தப் பாலிசியும் வராது.