ஊசல் ஓய்ஞ்சிடுச்சா, இல்ல தாளம் கலைஞ்சிடுச்சா?

தண்டையார்பேட்டை ஊசல்:
நேத்து மொட்டமாடில ஆறு போல்ட் நட்டு, ஆறும் ஒரு மீட்டர் நூல்ல, அசையாத கம்பில கட்டி 10 டிகிரில இருந்து 60 வரைக்கும் வேற வேற கோணத்துல சாய்ஞ்ச பலகையால தடுத்து வச்சு பலகைய டக்குனு இழுத்துட்டோம். மொத ஆட்டம் ஆறும் ஒண்ணா போச்சு. ஏழெட்டு ஆட்டத்துல 10 ஒரு பக்கம், 60 எதிர்ப்பக்கம். அரை நிமிஷம் வாக்குல கூட்டமா ஒரு பக்கம் சாயறதே இல்ல, ஆனா ஒவ்வொரு நட்டும் நல்லாத்தான் ஆடுது. இது தேய்மானம் இல்லபா, டீஃபேஸிங், அதாவது ஒண்ணா ஆரம்பிச்சதோட தாளம் ஒண்ணுக்கொண்ணு வெலகிப் போறது.

காசிமேடு டாம்பிங்:
இன்னாபா சொல்ற, காத்து தடுக்காமயா இருக்கும்? ஆறோட ஆட்டத்தையும் சேத்து எடுத்த சராசரி செத்துச்சுன்னா எனர்ஜி போச்சுன்னுதான் அர்த்தம்.

தண்டையார்பேட்டை ஊசல்:
அப்டி இல்ல. கோணம் பெருசானா ஊசலோட அலைவு நேரம், அதாவது ஒரு தடவ போய்ட்டு வர்ற நேரம், கூடும், 60 டிகிரில சின்ன ஆட்டத்த விட 7 சதவீதத்துக்கு மேல அதிகம். பள்ளிக்கூடத்துல அலைவு நேரம் வீச்ச பொறுத்தது இல்லனு சொன்னது சின்ன கோணத்துக்கு மட்டும். ஆறையும் 10-ல விட்டும் பாத்தோம், கலையவே இல்ல.

காசிமேடு டாம்பிங்:
அந்த டெஸ்ட் செல்லாது. 10 டிகிரில வேகமே கம்மி, காத்தும் கம்மியாதான் புடிக்கும், அதனாலதான் கலையல.

தண்டையார்பேட்டை ஊசல்:
நியாயமான கேள்வி. இப்பதான் ஆறையும் 60-ல விட்டுட்டு வந்து எழுதறேன். வீச்சு குறையுது, ஆனா ஆறும் ஒண்ணாவே குறையுது. காத்து அதே காத்து, தாளம் கலையல.

வியாசர்பாடி எக்கோ:
1950-ல எர்வின் ஹான்னு ஒரு இயற்பியலாளர் இதத்தான் அணுக்கரு ஸ்பின்ல (அணுக்கரு குட்டி காந்தம் மாதிரி நடந்துக்க வைக்கிற குணம்) காட்டினாரு. சிக்னல் செத்த மாதிரி இருந்துச்சு, ரெண்டாவது ரேடியோ அலை பல்ஸ் குடுத்ததும் எக்கோவா திரும்ப வந்துச்சு. உராய்வுல வெப்பமா போனது அப்டி திரும்புமா? எம்ஆர்ஐ ஸ்கேன்ல இன்னைக்கும் இதே எக்கோவ யூஸ் பண்றாங்க.

காசிமேடு டாம்பிங்:
சரி, கலைஞ்சதுக்கு காத்து காரணம் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டையும் தனித்தனியா எண்ண முடியாது. 60 தேய்ஞ்சு 50 ஆனா அதோட வேகமும் மாறுது, கலையற வேகமே குறையும். உங்க 7 சதவீதம் மொத ஆட்டத்துக்குத்தான்.

தண்டையார்பேட்டை ஊசல்:
அது உண்மைதான், நான் கணக்குல சேக்கல. கடைசில எல்லாம் சின்ன ஆட்டத்துக்கு வந்ததும் அலைவு நேரம் ஒண்ணாயிடும், ஆனா அதுக்குள்ள விழுந்த கட்ட வித்தியாசம் (ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்னனு ஆடற வித்தியாசம்) அப்டியே நிக்கும்.