பாலத்து பெஞ்சில் தெரிந்துகொண்ட டோனி அயோமி

பர்மிங்காமுக்கு வந்து 13 வருடம் ஆகிறது. கிட்டார் கல்லூரி நாளிலிருந்தே கூட இருக்கிறது. மேடை ஏறியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாசிப்போம், அவ்வளவுதான். 2021-இல் நான் வேலை பார்த்த கிடங்கில் ஷட்டர் கதவு என் இடது கை நடுவிரல்மேல் இறங்கிவிட்டது. நகத்தோடு நுனி போனது. தையல் பிரித்த பிறகு ஒருநாள் ஆசையாகக் கிட்டாரை எடுத்து ஸ்ட்ரிங்கை அழுத்தினேன். வலி முழங்கை வரைக்கும் ஏறியது. உறையில் போட்டு பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். எட்டு மாதம் அது அங்கேயே கிடந்தது.

பிராட் ஸ்ட்ரீட்டில் கால்வாய்க்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது. 2019-இல் அதற்கு இந்த ஊர் ராக் பேண்டான பிளாக் சப்பாத்தின் பெயரை வைத்து, அந்த பேண்டின் நால்வர் முகங்களோடு ஒரு பெஞ்சும் போட்டார்கள். எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். அன்று அசதியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் விரல் உறையைப் பார்த்துவிட்டு, "வேலை செய்யும்போதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த பேண்டின் கிட்டார்காரர் டோனி அயோமியின் முகத்தைக் காட்டி, "இவருக்கும் அப்படித்தான்" என்றார்.

அயோமியின் ரிஃப்களை (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் மெட்டுகளை) நான் வருடக்கணக்கில் வாசித்திருக்கிறேன். ஆனால் அவர் விரல் கதை எனக்குத் தெரியாது. அன்றிரவு தேடித் தேடிப் படித்தேன்.

1948 பிப்ரவரி 19 அன்று பர்மிங்காமின் ஹாண்ட்ஸ்வொர்த்தில் பிறந்தவர். இத்தாலிய வம்சாவளிக் குடும்பம், ஒரே பிள்ளை. அப்பா தச்சு வேலை. பிறகு ஆஸ்டனில் பார்க் லேனில் கடை வைத்துப் பிழைத்தார்கள். வீட்டின் முன்னறையிலேயே கடைச் சரக்கை அடுக்கி வைத்திருப்பார்களாம். மளிகைக் கடை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் விழுந்து மேல் உதட்டில் தழும்பு. பள்ளியில் அதை வைத்தே பட்டப்பெயர். அந்தப் பெரிய மீசை பின்னாளில் வந்ததற்கு அந்தத் தழும்பும் ஒரு காரணம். பர்ச்ஃபீல்ட் ரோடு பள்ளியில் அவருக்கு ஒரு வகுப்பு கீழே படித்த பையன் ஓசி ஆஸ்பர்ன், பின்னாளில் பிளாக் சப்பாத்தின் பாடகர். இருவரும் நண்பர்களாக இருக்கவில்லை.

வீட்டில் அக்கார்டியன் வாசிக்கிறவர்கள் இருந்தார்கள். டோனிக்கு டிரம்ஸ் மீதுதான் ஆசை. அந்தச் சின்ன வீட்டில் அந்தச் சத்தத்துக்கு இடமில்லை. அப்புறம் ஷேடோஸ் குழுவின் ஹாங்க் மார்வினைக் கேட்டு கிட்டார் பக்கம் வந்தார். இடது கைக்காரர் என்பதால் ஸ்ட்ரிங்கை அழுத்துவது வலது கை. விபத்து நடந்ததும் அந்தக் கையில்தான்.

17 வயதில் தகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். ஜெர்மனியில் வாசிக்க வாய்ப்பு வந்ததால் வேலையை விடுவதென்று முடிவு செய்துவிட்டார். கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், இனி எதற்குத் திரும்பிப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். வழக்கமாக வெட்டும் இயந்திரத்தில் நிற்கிற ஆள் அன்று வரவில்லை. பழக்கமில்லாத டோனியை அங்கே நிறுத்தினார்கள். நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போனது.

அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கும். என் அம்மாவும் அதையேதான் சொல்லியிருப்பார்.

இனி வாசிக்கவே முடியாது என்று உடைந்து கிடந்தவரைப் பார்க்கத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டோடு வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. 1928-இல் தீ விபத்தில் ரைன்ஹார்ட்டின் இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கிவிட்டன; மீதி இரண்டு விரல்களை வைத்தே கிட்டாரில் தனியிசை வாசித்த மேதை அவர். வாசித்தது இரண்டு விரல் என்று தெரிந்ததும் டோனி எழுந்து உட்கார்ந்தார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அதற்கு அடுத்தது. பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினார். சூடான சால்டரிங் அயர்னால் குடைந்து விரலுக்குத் தொப்பி செய்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தார். வெறும் பிளாஸ்டிக் வழுக்கும் என்பதால் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி மேலே ஒட்டினார். அத்தனையும் பட்டறைப் பையனின் வேலை. விரலை வாங்கிக்கொண்ட அதே பட்டறைப் பழக்கம் அவருக்குக் கை கொடுத்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

தொப்பி போட்ட விரலுக்கு ஸ்ட்ரிங்கின் தொடுகை தெரியாது. அதனால் மெல்லிய ஸ்ட்ரிங் வேண்டும். அன்று கடைகளில் கிட்டாருக்கு அவ்வளவு மெல்லியதாகக் கிடைக்காது. பேன்ஜோ ஸ்ட்ரிங்கை வாங்கிப் போட்டார். எல்லா விரலும் வேண்டியிருக்கும் பெரிய கார்டுகளை (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கவைப்பது) விட்டு, இரண்டு மூன்று ஸ்வரங்களில் கனமாக ஒலிக்கும் கார்டுகளில் நின்றார். 1971-இல் வந்த பிளாக் சப்பாத்தின் மூன்றாவது ஆல்பத்தில் கிட்டாரை மூன்று அரைச்சுரம் இறக்கிக் கட்டினார். ஸ்ட்ரிங் தளர்ந்தால் விரலுக்குச் சுலபம். உலகம் ஹெவி மெட்டல் என்று கொண்டாடும் அந்த இருண்ட ஒலியில் இதற்கெல்லாம் பங்கு உண்டு.

மறுநாள் பீரோவை நகர்த்தினேன்.

பதில்

நல்ல பதிவு அண்ணா. ஆரம்ப கால பேண்டுகளைப் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன். நான் நர்ஸாக நான்கு வருடம் கார்லைலில் இருந்தேன். ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் அமைதியான ஊர். பர்மிங்காமிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். 1968-இல் அயோமி அங்கே வந்து தங்கி வாசித்தார் என்று கூட வேலை செய்த ஒரு அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை.

ராக்கிங் செவ்ரோலெட்ஸ் என்ற குழுவில் தொடங்கி, தி ரெஸ்ட் குழுவில் டிரம்மர் பில் வார்டோடு சேர்ந்தார். பிறகு கார்லைலின் மித்தாலஜி குழு. வார்டும் அங்கே வந்து சேர்ந்தார். அந்த வருடம் மே மாதம் கஞ்சா வைத்திருந்ததாகப் போலீஸ் பிடித்து அபராதம் விதித்தது. ஜூலையில் குழு கலைந்தது. கடைசியாக வாசித்தது சில்லத்தில். நான் விடுமுறை நாட்களில் பஸ் பிடித்துப் போகும் கடற்கரை ஊர் அது. காற்று அடித்துக்கொண்டே இருக்கும். 20 வயதுப் பையன், விரலில் பிளாஸ்டிக் தொப்பி, கையில் பேண்டும் இல்லை. வீடு திரும்பிய அவர் மனநிலையை அந்தக் கடலோரத்தில் நின்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நானும் அப்போது வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்ற யோசனையில்தான் இருந்தேன்.

பர்மிங்காம் திரும்பிய இருவரும் இசைக்கருவிக் கடையில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார்கள். ஓசி ஸிக் என்ற பாடகருக்குக் குழு வேண்டும், சொந்தமாக ஒலிபெருக்கி உண்டு. பள்ளியில் தெரிந்த அந்த ஓசியாக இருக்காது என்று போனால், கதவைத் திறந்தது அவரேதான்! முதலில் வேண்டாம் என்று வந்துவிட்டார் அயோமி. கடைசியில் ஓசியும் பேஸ் கிட்டார் வாசித்த கீஸர் பட்லரும் சேர்ந்து, போல்கா டல்க், பிறகு எர்த், 1969-இல் பிளாக் சப்பாத்.

நடுவே 1968 டிசம்பரில் அயோமி ஜெத்ரோ டல் குழுவுக்குப் போய் சில வாரங்களில் திரும்பிவிட்டார். வந்தவர் அங்கே பார்த்த ஒழுங்கைத் தன் நண்பர்களிடமும் எதிர்பார்த்தார். காலையிலேயே ஒத்திகை. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இதற்காகத்தான். பெரிய இடத்தை விட்டுவிட்டுத் தன் பையன்களிடம் திரும்பி வந்தார்.

பதில்

2025 ஜூலை 5 அன்று வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் பிளாக் சப்பாத் வாசித்தபோது நான் இருந்தேன். அவர்கள் வளர்ந்த அதே ஆஸ்டன். நால்வரும் சேர்ந்து வாசித்து 20 வருடம் ஆகியிருந்தது. ஓசி நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். எல்லோரும் அவரைப் பார்க்க, நான் பெரிய திரையில் அயோமியின் வலது கை வருகிற நேரத்துக்காகவே காத்திருந்தேன். அந்த இரண்டு விரல் தொப்பிகளும் தெளிவாகத் தெரிந்தன. 17 நாளில் ஓசி இறந்த செய்தி வந்தது. ரயில் டிக்கெட்டை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

பதிவிட்டவர்

விரலுக்கு என்ன செய்தேன் என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: பாட்டிலை உருக்கும் வேலைக்கு நான் போகவில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் சிலிக்கான் விரல் உறையை அளவாக வெட்டி, பழைய பெல்ட்டின் தோலை மெலிதாகச் சீவி ஒட்டினேன். முன்பு 11 என்ற தடிமன் ஸ்ட்ரிங் போட்டிருந்தேன், இப்போது அதைவிட மெல்லிய 9. அரைச்சுரம் இறக்கித்தான் கட்டுகிறேன். முதல் மாதம் பத்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். தோல் மூன்று வாரத்தில் தேய்ந்துவிடும், அதனால் நாலைந்து துண்டு முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிங்கை வளைக்கும் இடம் வந்தால் இன்னும் மோதிர விரலைத்தான் கூப்பிடுகிறேன்.