புதுப்பிப்பு: 508 எரர் நின்னுடுச்சு, பிளானை ஏத்தல

ஷேர்டு ஹோஸ்டிங்ல (ஒரே சர்வர்ல பல பேர் சைட் ஓடுறது) என் வேர்ட்பிரஸ் சைட் அடிக்கடி 508, அதாவது ரிசோர்ஸ் லிமிட் முட்டிடுச்சுங்கிற எரர் காட்டுது, பெரிய பிளான் எடுக்கணுமான்னு கேட்டிருந்தேன்ல, தேவைப்படல. சிபேனல்ல (ஹோஸ்டிங்கோட கன்ட்ரோல் பேனல்) ரிசோர்ஸ் யூசேஜ் கிராஃப் பாத்தா சிபியு, ரேம் ரெண்டும் சும்மா கெடக்கு, முட்டினது என்ட்ரி ப்ராசஸ் மட்டும்தான், அதாவது ஒரே நேரத்துல எத்தனை பிஎச்பி ரிக்வெஸ்ட் ஓடலாம்ங்கிற லிமிட், ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்கங்கிறது இல்ல. லாக்ல பாத்தா பூரா பாட் (bot), அதாவது தானா ஓடுற ப்ரோகிராமுங்க, எக்ஸ்எம்எல்-ஆர்பிசி ஃபைலையே (xmlrpc.php, வெளி ஆப்புங்க வேர்ட்பிரஸோட பேசுற வழி) தட்டிட்டு இருக்கு. அதை பிளாக் பண்ணி, பேஜ் கேஷ் (ரெடியா செஞ்ச பக்கத்தையே திருப்பிக் காட்டுறது) போட்டு, வேர்ட்பிரஸ் க்ரானை (குறிச்ச நேரத்து வேலைங்களை ஓட்டுறது) நிறுத்திட்டு சிபேனல் க்ரான்ல 15 நிமிஷத்துக்கு ஒருதடவைன்னு வச்சேன், சரியாயிடுச்சு. ஜெட்பேக் பிளகின் வச்சிருக்கவங்க அந்த எக்ஸ்எம்எல்-ஆர்பிசி ஃபைலை மொத்தமா பிளாக் பண்ணாதீங்க, அதுக்கு அது வேணும். ஐநோடு (அக்கவுன்ட்ல இருக்கிற ஃபைல், ஃபோல்டர் எண்ணிக்கை) வேற ஏறிட்டே இருக்கு, அதை அடுத்து பாக்கணும்.