தாலி ஏறிய பின் கேட்ட கெட்டிமேளம்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அலுமாரியில் கிடந்த பதினொரு வி.எச்.எஸ். கசெட்டுகளையும் கைக்கமராவில் பதிவான நான்கு சிறிய ஹை8 நாடாக்களையும் சென்ற ஆண்டு கணினியில் ஏற்றத் தொடங்கினேன். 1997இல் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் நடந்த சித்தப்பாவின் திருமணக் கசெட்டே என்னை இதில் இறக்கியது. அப்பப்பாவின் குரல் வேறெந்தப் பதிவிலும் இல்லை.

புறக்கோட்டையில் வாங்கிய சிறிய யு.எஸ்.பி. கருவியில், கசெட்டை ஓட்டும் டெக்கின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களைப் பொருத்திப் பதிவு செய்தேன். முதல் பத்து நிமிடம் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் முகூர்த்த நேரம் வந்தபோது, தாலி ஏறி முடிந்த பின்னரே கெட்டிமேளம் கேட்டது. மடிக்கணினியின் வேகம் போதவில்லை என்று எண்ணி மற்ற மென்பொருள்களை எல்லாம் மூடினேன், வன்தட்டையும் மாற்றினேன், பயனில்லை.

கோளாறு கணினியில் இல்லை, அதற்கு முன்னால் இருந்தது. தேய்ந்த நாடா ஓடும்போது படத்தின் ஒவ்வொரு கோடும் சற்று முந்தியோ பிந்தியோ வருகிறது; பழைய தொலைக்காட்சிப் பெட்டி அதைப் பொறுத்துக்கொள்ளும், மலிவான கருவியோ நேரக்குறியைப் பிடிக்க முடியாமல் அந்தச் சட்டத்தையே (காணொளியின் ஒரு தனிப்படத்தையே) விட்டுவிடும். ஒலி மட்டும் தடையின்றிப் பதிவாகிறது. நம் நாட்டுப் 'பால்' (PAL) தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 சட்டங்கள் என்பதால், 25 சட்டங்கள் விடுபட்டால் படம் ஒரு நொடி முந்திவிடுகிறது.

நண்பர் ஒருவர் தந்த, ஹை8 அளவு நாடாவில் இலக்கமுறையில் பதியும் டிஜிட்டல்8 கமராதான் வழி காட்டியது. டெக்கின் வயர்களைக் கமராவில் செருகி, கமராவிலிருந்து, இலக்கப் பதிவைக் கணினிக்குக் கடத்தும் ஃபயர்வயர் கேபிளைப் பழைய மேசைக்கணினியில் பொருத்திய ஃபயர்வயர் அட்டைக்குக் கொடுத்தேன். படத்தையும் ஒலியையும் கமராவே ஒன்றாக இலக்கமாக்கி அனுப்புவதால் விலகல் நின்றது. ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடம் கேட்கும். அதைச் சுருக்காமல் மூலமாக வைத்துக்கொண்டு, உறவினர்களுக்குச் சிறிய பிரதிகளை அனுப்பினேன். அப்பப்பா மணமக்களை வாழ்த்தும் இரண்டு நிமிடத்தை அன்றிரவு அப்பாவுடன் நான்கு தடவை பார்த்தோம். இத்தகைய கமராவை வாங்குவோர் வெளியிலிருந்து வரும் படத்தை அது ஏற்குமா என்று முதலில் சோதிக்க வேண்டும். ஐரோப்பாவில் விற்கப்பட்ட பலவற்றில் அந்த வசதி முடக்கப்பட்டிருந்தது. அந்தக் கமராவே ஹை8 நாடாக்களையும் ஓட்டியதால் அவற்றுக்கு வேறு கருவி தேவைப்படவில்லை.

ரொறன்ரோவிலிருந்து மாமி அனுப்பிய கசெட் வேறு வகையில் சோதித்தது. அது வட அமெரிக்காவின் என்.ரி.எஸ்.சி. (NTSC) தொலைக்காட்சி முறையில் பதிவானது. எங்கள் டெக் அதைத் தொலைக்காட்சியில் வண்ணமாகவே காட்டியது, கணினியிலோ கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. இத்தகைய டெக்குகள் என்.ரி.எஸ்.சி. படத்தின் 525 கோடுகளுக்குப் 'பால்' வண்ணத்தைப் பூசி அனுப்புகின்றன. பல பதிவுக் கருவிகளுக்கு அந்தக் கலவை புரிவதில்லை. என்.ரி.எஸ்.சி.யை மாற்றாமல் அப்படியே வெளியிடும் பல்முறை டெக் ஒன்றை இரவல் வாங்கிய பின்னரே வண்ணம் வந்தது.

கொழும்பின் ஈரக்காற்றால் ஒரு கசெட்டில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. அதை டெக்கில் போட்டால், நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியில் பூஞ்சணம் ஒட்டி மற்ற நாடாக்களுக்கும் பரவும். ஆகவே சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காற்றுப் புகாத பெட்டியில் தனியே வைத்திருக்கிறேன். இழந்தாலும் பரவாயில்லை என்று கருதத்தக்க இன்னொரு டெக் கிடைத்ததும், நாடாவைத் துடைத்து அதில் ஓட்டிப் பார்ப்பேன்.