வெள்ளம் வந்தால் கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்றிலும் நடக்கும் நிவாரணச் சமையலை எப்படி ஒருங்கிணைப்பது?

கேள்வி (ஏரல்): 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படி மறுபடி வந்தால் மூன்று இடத்துச் சமையலையும் எப்படி ஒருங்கிணைப்பது?

பதில் (ஸ்ரீவைகுண்டம்): அண்ணாச்சி, மெயின் ரோட்டுத் தெருவுக்கு மூணு சாப்பாட்டு வண்டி போகும், ஆத்தங்கரைக் குடிசைக்கு ஒண்ணும் போகாது. அதான் பெரிய கோளாறு. எந்தத் தெருவுக்கு எந்த இடத்துச் சாப்பாடுன்னு பிரிச்சு ஒரே நோட்டுல எழுதுங்க. 100 பேருக்கு 10 கிலோ அரிசி. தேங்காய் சேர்க்காத புளியோதரை கெடாமத் தாங்கும். ஆறவிட்டுக் கட்டணும், சூட்டோட கட்டினா வேர்த்து ஊசிப்போகும்.

பதில் (மேலப்பாளையம்): சைவமே சமைங்க, எல்லாரும் சாப்பிடலாம். குடிதண்ணித் தொட்டியில 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். கரைச்சுத் தெளிவை மட்டும் ஊத்தி, ஒரு மணி நேரம் விடுங்க. கலங்கல் தண்ணியில குளோரின் வீணாப் போகும், முதல்ல தெளியவிடணும்.

பதில் (ஆத்தூர்): அரிசி, சிலிண்டர் எல்லாம் ஐப்பசிக்கு முன்னாலயே மாடிக்கு ஏத்திருங்க.