தையல் மிஷின் வாங்க எந்தச் சீட்டில் சேரலாம்?

கேள்வி: ஈரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஓவர்லாக் மிஷின் வாங்கவேண்டும். வங்கியில் ஈடு கேட்கிறார்கள். எங்கள் தெரு அக்கா நடத்தும் சீட்டா, தனியார் கம்பெனிச் சீட்டா?

பதில்: கம்பெனிச் சீட்டுதான் சகோதரி. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி, தொடங்கும் முன்பே அரசு அனுமதி வாங்கவேண்டும். அந்த ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். என் அம்மா தெருச் சீட்டில் ஏமாந்தபோது கையில் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டுதான், பென்சிலில் எழுதிய கணக்கோடு. இன்றும் மனசு ஆறவில்லை.

பதில்: சீட்டு நடத்துபவர் எடுக்கும் கமிஷனையும் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதம் வரை எடுக்கலாம், முன்பு 5. லட்ச ரூபாய்ச் சீட்டில் அதுவே 7,000. அப்புறம், சீட்டு எடுத்ததும் ஜாமீன் கேட்பார்கள்.

கேட்டவர்: சரி அண்ணா, ஜாமீனுக்கு ஆள் பார்த்துவிட்டே சேருகிறேன்.