முதல் ஃபுல் மாரத்தானுக்கு 9 வாரம்தான் பாக்கி: காய்ச்சல், குதிகால் வலி, வீட்டில் நோயாளி. ஓடலாமா, விடலாமா?

ஐந்தரைமணி:

வணக்கம். இங்கே பல மாதமாகப் படிக்க மட்டும் செய்தவள், இன்றுதான் முதல் தடவை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 41. இதுவரை இரண்டு ஹாஃப், அதாவது 21 கிலோமீட்டர் அரை மாரத்தான், ஓடியிருக்கிறேன், அதில் நல்ல நேரம் 2 மணி 24 நிமிடம். இந்த வருடம் எப்படியும் ஃபுல் ஓடியே தீருவது என்று 20 வார பிளான் ஒன்றை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். முதல் ஏழு வாரம் ஒரு ஓட்டம்கூடத் தவறவில்லை, ஓடி முடித்த நாளெல்லாம் மகள்தான் பச்சைப் பேனாவால் டிக் போடுவாள். எட்டாவது வாரம் அவள் பள்ளியிலிருந்து காய்ச்சலோடு வந்தாள். அவளுக்கு மூன்றே நாளில் சரியாகிவிட்டது, நான் பத்து நாள் படுத்துவிட்டேன்.

எழுந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? விட்டதைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று ஒரே வாரத்தில் நான்கு ஓட்டம், கடைசி ஓட்டம் 19 கிலோமீட்டர். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி வைத்த முதல் அடியிலேயே இடது குதிகாலில் ஆணி ஏறியது போல வலி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம்வரை போனேன். டாக்டர் பிளாண்டார் ஃபேஸியைடிஸ், அதாவது பாதத்தின் அடிச்சவ்வில் வரும் பிரச்சினை, என்றார், "கொஞ்ச நாள் ஓடாதீர்கள்" என்றார், கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதே வாரம் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. இப்போது வீட்டில்தான் இருக்கிறார், வாக்கர் பிடித்து நடக்கிறார், ராத்திரி இரண்டு தடவையாவது என்னை எழுப்புகிறார். கணவருக்கு வாரம் விட்டு வாரம் நைட் ஷிஃப்ட்.

போட்டிக்கு இன்னும் 9 வாரம். வாட்சில் காலை நாடித்துடிப்பு முன்பெல்லாம் 58 காட்டும், இப்போது 66க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. கேள்வி இதுதான்: விட்ட வாரங்களை எப்படி ஈடுகட்டுவது? இல்லை, இந்த வருடம் விட்டுவிட வேண்டியதுதானா? விடுவது என்றால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இரும்புக்கால்:

எல்லாருக்கும் ஏதோ ஒரு வலி இருக்கத்தான் செய்யும் சகோ. ஓடும் முன் ஒரு வலி மாத்திரை போடுங்கள், குதிகாலுக்கு ஜெல் பேட் வையுங்கள், முதல் 3 கிலோமீட்டர் தாண்டினால் வலி தானாக அடங்கிவிடும். நான் அப்படித்தான் இரண்டு ஃபுல் முடித்தேன். மனசு வைத்தால் முடியும்.

கடைசிவரிசை:

இரும்புக்கால் தம்பி சொல்வதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு பேப்பரை எடுங்கள், கணக்குப் போடுவோம்.

9 வாரம். போட்டிக்கு முந்தைய 2, 3 வாரம் டேப்பர், அதாவது தூரத்தைக் குறைத்து உடம்பைத் தேற்றும் காலம், அதில் கை வைக்கக் கூடாது. இரண்டரை என்றே வைத்துக்கொண்டாலும் மிச்சம் ஆறரை. குதிகால் அடங்க இரண்டு வாரம், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். ஆக, லாங் ரன்னுக்கு, அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டத்துக்கு, உங்கள் கையில் இருப்பது நான்கு ஞாயிற்றுக்கிழமை. 19 கிலோமீட்டரிலிருந்து நான்கே தாவலில் 30ஐத் தொட வேண்டும், நடுவில் ஒரு வாரம்கூட இறக்கி ஓட இடமில்லை, மகளுக்குத் திரும்பவும் சளி பிடிக்கக் கூடாது, கணவரின் ஷிஃப்ட் மாறக் கூடாது, மாமியார் ராத்திரி எழுப்பக் கூடாது. இத்தனை "கூடாது" உள்ள பிளான் பிளானே இல்லை, வேண்டுதல்.

விட்ட வாரங்களை ஈடுகட்டவே முடியாது என்பதை ஏற்றுக்கொண்டால் பாதி பாரம் இறங்கிவிடும். அது கடன் இல்லை, யாரும் வட்டி கேட்கப்போவதில்லை. விட்ட நாலு ஓட்டத்தையும் அடுத்த வாரத்தில் திணித்ததுதான் உங்கள் குதிகாலுக்கு வந்த வினை. இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் என் சொந்தக் காலில்தான் கற்றுக்கொண்டேன்: பத்துப் பதினைந்து நாள் ஓடாமல் இருந்தால் முதலில் குறைவது ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி, அது திரும்ப ஓட ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் ஏறிவிடும், அதனால் மூச்சு சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும். தசைநாரும் பாதத்தின் அடிச்சவ்வும் அப்படி வராது, அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். மூச்சு "போ போ" என்கிறபோது கால் "வேண்டாம்" என்று சொல்வது காதில் விழாது.

ஃபுல் மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் ஒன்றும் வேதவாக்கு இல்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் ஆரம்பித்து அரங்கில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிகிற மாதிரி அளந்தார்கள், 1921இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். யாரோ ராணி உட்கார்ந்த நாற்காலிக்காக நீங்கள் ஒரு வருடம் நொண்ட வேண்டாம்.

என் யோசனை: ஹாஃபுக்கு மாற்றுங்கள், இல்லை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். பல போட்டிகளில் இதற்கென்று ஒரு கடைசித் தேதி வைத்திருப்பார்கள். அதை இன்றைக்கே போய்ப் பாருங்கள், அந்தத் தேதி தாண்டிய பிறகுதான் நிறையப் பேருக்கு ஞானம் பிறக்கிறது.

குதிகால்காரி:

நான் பிசியோதெரபிஸ்ட், ஆனால் உங்கள் காலை நேரில் பார்க்கவில்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அந்த மாத்திரை விஷயம். இரும்புக்கால், தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். இப்யூபுரூஃபன் வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்காக ஓடினால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் இன்னும் குறையும், ஏற்கெனவே வியர்வையில் நீர் போய்க்கொண்டிருக்கும் உடம்பு அது. போதாததற்கு வலி என்கிற எச்சரிக்கை மணியையும் அணைத்துவிடுகிறீர்கள். முதல் 3 கிலோமீட்டரில் வலி மறைவது இந்தப் பிரச்சினையின் குணம், சூடேறினால் மறையும், மறுநாள் காலை வட்டியோடு வரும்.

ஐந்தரைமணி, உங்களுக்கு அளவுகோல் அந்த மறுநாள் காலை முதல் அடிதான். பத்துக்கு எத்தனை மதிப்பெண் வலி என்று தினமும் எழுதி வையுங்கள். ஓடிய மறுநாள் எண் முந்தைய நாளைவிட ஏறியிருந்தால் அந்த ஓட்டம் அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் காலைத் தரையில் வைப்பதற்கு முன், கட்டிலில் உட்கார்ந்தபடியே வலிக்கிற காலை மற்றக் கால்மேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முன்னங்கால் பக்கமாக இழுங்கள். மற்றக் கையின் கட்டை விரலால் உள்ளங்காலைத் தடவினால் வீணைக் கம்பி மாதிரி விறைப்பாக ஒன்று தட்டுப்படும், அதுதான் ஆசாமி. 10 நொடி பிடித்து விடவும், 10 தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் குதிகால் தூக்கும் பயிற்சி: ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் ஓரத்தில் வைத்து, விரல்கள் அதன்மேல் மடங்கி நிற்கிற மாதிரி ஒற்றைக் காலில் நின்று, 3 நொடியில் ஏறி, 2 நொடி நின்று, 3 நொடியில் இறங்குங்கள். 12 தடவைக்கு மேல் முடியவில்லை என்கிற அளவு கனமாக இருக்க வேண்டும், சுலபமாகிவிட்டால் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெச் மட்டும் செய்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள்தான் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: குதிகால் எலும்பை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தினால் சுருக்கென்று வலித்தாலோ, சும்மா படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். அப்படியென்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு மறுபடி டாக்டரைப் பாருங்கள்.

நாடித்துடிப்பு எட்டு கூடியிருப்பது தூக்கமின்மையாலும் இருக்கலாம், காய்ச்சலின் மிச்சமாகவும் இருக்கலாம். வைரஸ் காய்ச்சல் சில சமயம் இதயத் தசையையே பதம் பார்க்கும், அபூர்வம்தான், ஆனால் அந்த நிலையில் கடினமாக ஓடுவது ஆபத்து. நெஞ்சு வலி, படபடப்பு, படியேறினால் புதிதாக மூச்சு வாங்குவது, இதில் ஒன்று இருந்தாலும் இசிஜி எடுக்காமல் ஓடாதீர்கள்.

தொட்டில்ஓட்டம்:

காலைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். என் அப்பா பக்கவாதத்தில் படுத்த வருடம் நானும் இப்படித்தான் அதிகாலை நாலரைக்கு அலாரம் வைத்து ஓடினேன். யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓடுகிறேன் என்று பெருமை வேறு. ராத்திரி பன்னிரண்டுக்குப் படுத்து, இரண்டுக்கு ஒரு தடவை எழுந்து, நாலரைக்கு ஓட்டம். இரண்டு மாதத்தில் மூன்று தடவை சளி, அப்புறம் கால் ஆடுதசை பிடித்து மொத்தமாக உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்து முடித்திருந்தேன்.

அதன் பிறகு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். 6 மணி நேரம் தூங்காத நாளில் ஓட்டம் கிடையாது, அந்த நேரத்தில் தூக்கம்தான் பயிற்சி. வாரத்துக்கு மூன்று ஓட்டம், அதில் ஒன்று மட்டும் நீளம். மகன் நீச்சல் வகுப்பில் இருக்கும் 45 நிமிடத்தில் நான் அந்த வளாகத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பேன், காவலாளி முதல் வாரம் சந்தேகமாகப் பார்த்தார், மூன்றாவது வாரம் சுற்று எண்ணிச் சொல்ல ஆரம்பித்தார்.

அப்புறம் இது கொஞ்சம் கசப்பான விஷயம். நாம் ஓடுகிற ஒவ்வொரு மணி நேரத்தையும் வீட்டில் யாரோ ஒருவர்தான் தருகிறார். என் மனைவியிடம் கேட்டபோது "உங்கள் இஷ்டம்" என்றாள், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் தப்பு. "ஞாயிறு ஆறிலிருந்து ஒன்பதரைவரை நான் இருக்க மாட்டேன், அதற்குப் பதில் சனிக்கிழமை முழுக்க உனக்கு எந்த நேரம் வேண்டும்?" என்று குறிப்பாகக் கேட்ட பிறகுதான் வீட்டில் சத்தம் குறைந்தது. உங்கள் கணவர் என்ன சொல்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லையே?

ஐந்தரைமணி:

எல்லோருக்கும் நன்றி. குதிகாலை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. அடியில்தான் வலி. நெஞ்சிலும் ஒன்றுமில்லை.

கணவர் என்ன சொன்னார் என்றால்... அதே "உன் இஷ்டம்" தான். படித்ததும் சிரித்துவிட்டேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை.

கடைசிவரிசை ஐயா, கணக்கு புரிகிறது. ஆனால் அலுவலகத்தில், சொந்தக்காரர்களிடம், எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எல்லாவற்றுக்கும் மேல் மகளுடைய பச்சை டிக். நடந்து நடந்தாவது முடித்துவிடக் கூடாதா?

மெல்லநட:

முடிக்கலாம், அதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே பிரபலமாக்கிய ஓட்டம்-நடை முறை, 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே மாற்றி மாற்றிப் போவது. களைத்த பிறகு நடப்பது வேறு, இது வேறு. நான் இப்படித்தான் ஓடுகிறேன், குதிகாலுக்கும் இதமாக இருக்கும். ஆனால் போட்டியின் நேர வரம்பைப் பாருங்கள். 6 மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 32 நொடி, தண்ணீர் குடிக்க நிற்பதும் அதற்குள்தான். நல்ல காலோடு அது முடியும். 30 கிலோமீட்டருக்கு மேல் நொண்டிக்கொண்டு முடியுமா என்பதை உங்கள் குதிகாலைத்தான் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த முறையை இந்த வருடம் ஹாஃபில் பழகுங்கள்.

கடைசிவரிசை:

அலுவலகத்தில் சொன்னதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் அம்மா. ஓடாத ஆட்களுக்கு ஹாஃபும் ஃபுல்லும் ஒன்றுதான். "மாரத்தான் ஓடினீர்களாமே" என்றுதான் கேட்பார்கள், நான் 10 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தபோதும் அதையேதான் கேட்டார்கள்.

ஐந்தரைமணி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், யாராவது இன்னும் படிக்கிறீர்களா தெரியவில்லை.

ஹாஃபுக்கு மாற்றிவிட்டேன், கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. மாற்றிய அன்று கொஞ்சம் அழுதேன், அது வேறு விஷயம். பழைய பிளானைக் கிழித்துவிட்டு வாரத்துக்கு மூன்று ஓட்டம் என்று எழுதி ஒட்டினேன். நான்காவது கட்டம் எதற்குக் காலி என்று மகள் கேட்டாள், தூங்கினால் அதற்கும் டிக் உண்டு என்றேன், இப்போது அந்தக் கட்டத்தில்தான் அதிகப் பச்சை. கணவரோடு உட்கார்ந்து பேசினேன். அவர் கேட்டது ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும், அவ்வளவுதான். நாடித்துடிப்பு 60க்கு வந்துவிட்டது. போன ஞாயிறு 2-க்கு-1 ஓட்டம்-நடையில் 16 கிலோமீட்டர், மறுநாள் காலை முதல் அடி பத்துக்கு இரண்டு.

மாமியாருக்கும் அவருடைய பிசியோ குதிகால் தூக்கும் பயிற்சிதான் கொடுத்திருக்கிறார், இரண்டு காலையும் ஊன்றி. அதனால் மாலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். அவர் பத்து எண்ணி முடித்துவிட்டு, துண்டுமேல் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்து, "உனக்கு இன்னுமா முடியல?" என்கிறார்.

குதிகால்காரி, ஒரே ஒரு சந்தேகம். பையில் இப்போது 6 கிலோ அரிசி வைத்து 12 தடவை சுலபமாகிவிட்டது. கனத்தைக் கூட்டவா, எண்ணிக்கையைக் கூட்டவா?

குதிகால்காரி:

கனத்தை. எண்ணிக்கையை 10க்கு இறக்கி, 4 செட். மாமியாரிடம் அந்தக் கேள்வியைத் தினமும் கேட்கச் சொல்லுங்கள்.